பழைய கார்: அப்படியே மீட்பதா, மேம்படுத்துவதா, இன்ஜினையே மாற்றுவதா?

வீட்டு ஷெட்டில் பழைய கார் ஒன்றைப் பிரித்துப் போட்டிருப்பவர்களும், பிரிக்கலாமா என்று யோசிப்பவர்களும் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான். தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே அந்தக் காரைக் கொண்டுவருவதா? அசல் இன்ஜினை வைத்துக்கொண்டு பிரேக், மின்சாரம், விளக்கு போன்றவற்றை மட்டும் இன்றைய சாலைக்குத் தகுந்தாற்போல மாற்றுவதா? இல்லை, வெளித்தோற்றத்தை வைத்துக்கொண்டு உள்ளே வேறு இன்ஜினையோ மின்மோட்டாரையோ இறக்கிவிடுவதா?

மூன்று வழிக்கும் உறுதியான ஆதரவாளர்கள் இருக்கிறார்கள். கேட்டால் அவரவர் போன வழியைத்தான் சொல்வார்கள். அவர்கள் சொல்வது அவர்களுடைய காருக்குச் சரி. உங்கள் காருக்குச் சரியா என்பதுதான் கேள்வி. அதனால் வழிகளுக்குள் போவதற்கு முன்னால் எதை வைத்து அளப்பது என்று பேசிவிடலாம்.

## எதை வைத்து முடிவு செய்வது

எப்படி ஓட்டப் போகிறீர்கள். வருடத்துக்குச் சில கண்காட்சிகள், காலை நேரத்தில் ஒரு சிறு சுற்று என்றால் ஒரு விதமான கார் போதும். குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் போக வேண்டும் என்றால் வேறு விதமான கார் வேண்டும். 1966இல் தொடங்கிய உலகளாவிய பழைய வாகனக் கூட்டமைப்பான ஃபிவா, வரலாற்று வாகனம் என்பதற்கு ஒரு வரையறை வைத்திருக்கிறது: குறைந்தது 30 வயது, வரலாற்றுக்குப் பொருந்திய நிலையில் பராமரிப்பு, அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படாதது. அந்த அங்கீகாரம் வேண்டும் என்பவருக்கு முடிவில் பாதி அங்கேயே ஆகிவிடுகிறது.

திரும்பி வர முடியுமா. போல்ட் போட்டு மாட்டியதை ஒரு நாள் கழற்றிவிடலாம். வெட்டி எறிந்த தகட்டைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

ஒரு மாற்றம் எத்தனை மாற்றங்களை இழுத்து வரும். நான் அதிக எடை கொடுப்பது இதற்குத்தான். இன்ஜினின் சக்தியைக் கூட்டினால் கிளட்ச் தாங்காது. கிளட்சை மாற்றினால் கியர்பாக்ஸ் தாங்குமா என்று பார்க்க வேண்டும், அப்புறம் டிஃபரன்ஷியல், அப்புறம் ரேடியேட்டர், அப்புறம் பிரேக். வீட்டுப் பட்டறையில் வேலைகள் பாதியில் நின்றுபோவது பெரும்பாலும் இந்தச் சங்கிலியின் நீளத்தை முதலிலேயே எண்ணிப் பார்க்காததால்தான்.

வீட்டில் எவ்வளவு செய்ய முடியும். கழற்றுவது, சுத்தம் செய்வது, பிரேக், வயரிங், இன்ஜினைச் சேர்ப்பது எல்லாம் வீட்டில் ஆகும். சிலிண்டர் போரிங், கிராங்க் கிரைண்டிங், குரோம் பூச்சு போன்றவை வெளியே போய்த்தான் ஆக வேண்டும். இரண்டு பாகப் பெயின்டில் ஐசோசயனேட் என்ற நச்சுப் பொருள் இருக்கிறது. வெளிக்காற்றைக் குழாயில் தரும் முகமூடி இல்லாமல் அதை அடிக்கவே கூடாது. இடத்தையும் கணக்கில் எடுங்கள். நிற்கும் காருக்குத் தேவையான இடத்தைப் போல இரண்டு, மூன்று மடங்கை அதே கார் பிரித்த பிறகு கேட்கும்.

உதிரிபாகம், பதிவு, காப்பீடு. முன்னது காரைப் பொறுத்தது, மற்ற இரண்டும் நீங்கள் இருக்கும் இடத்தின் சட்டத்தைப் பொறுத்தவை. இன்ஜின் எண் மாறினால் பதிவில் என்ன ஆகும், காப்பீடு செல்லுமா என்பதை ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

## முதலில் பாடி

எந்த வழியானாலும் இந்த வேலை பொதுவானது. முடிவையே மாற்றக்கூடியதும் இதுதான். எல்லாரும் பானெட்டைத் திறந்து இன்ஜினைப் பார்க்கிறார்கள். இன்ஜினை எப்படியும் சரிசெய்துவிடலாம். துருப்பிடித்த பாடிதான் பணத்தையும் வருடங்களையும் விழுங்கும்.

கதவுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் சில், தரை விரிப்புக்கு அடியில் இருக்கும் தரைத்தகடு, சக்கர வளைவுகளின் உள்விளிம்பு, முன்கண்ணாடியின் கீழ் மூலைகள், ஸ்பிரிங் மாட்டும் இடங்கள், பேட்டரி தட்டு, ஜாக்கி வைக்கும் இடங்கள்: இவற்றைக் கையால் தடவியும் மழுங்கிய ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தியும் பாருங்கள். ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி நகர்த்திப் பார்த்தால், பட்டி தடிமனாகப் போட்டு மூடிய இடத்தில் பிடிக்காமல் விழும். கதவுகளைத் திறந்து மூடிப் பாருங்கள். கதவு தொங்கினால் கீல் தேய்ந்திருக்கலாம். கதவுக்கும் பாடிக்கும் உள்ள இடைவெளி மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருந்தால் பாடியே தொய்ந்திருக்கலாம்.

தனி சேசி உள்ள கார்களில் பாடியைத் தூக்கி வைத்துவிட்டு வேலை செய்யலாம். வோக்ஸ்வாகன் பீட்டிலின் பாடி, தரைத்தகட்டின் மேல் போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறது. பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான எம்ஜிபி போன்ற, தனி சேசி இல்லாத ஒற்றைக்கூடு கார்களில் அந்தச் சில்தான் காரின் முதுகெலும்பு. அதிலும் மேற்கூரை இல்லாத வகையில் சில்லை வெட்டுவதற்கு முன்னால், கதவு இருக்கும் இடத்தின் குறுக்கே இரும்புக் குழாய்களை வெல்டு வைத்துப் பாடியைக் கட்டிவிட வேண்டும். கட்டாமல் வெட்டினால் பாடி நடுவில் தொய்யும், புதுச் சில்லை அந்தத் தொய்வோடேயே ஒட்டிவிடுவீர்கள், கதவு பிறகு ஒருநாளும் ஒழுங்காக மூடாது.

பழைய கார்த் தகடு பெரும்பாலும் 0.8 முதல் 1 மி.மீ. தடிமன்தான். மிக் வெல்டிங்கில் 0.6 மி.மீ. கம்பி போட்டு, ஓரிடத்தில் ஒரு புள்ளி, கொஞ்சம் தள்ளி இன்னொரு புள்ளி என்று சூடு பரவவிட்டு வைத்தால் தகடு நெளியாது. குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் வெல்டு வைக்கக் கூடாது. அந்தச் சூட்டில் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உருவாகும். பெட்ரோல் டேங்கை வீட்டில் வெல்டு வைக்கவே வைக்காதீர்கள், எவ்வளவு கழுவியிருந்தாலும் சரி.

பாடி மிக மோசம் என்றால் உங்கள் காருக்குப் புதுக்கூடு கிடைக்கிறதா என்று பாருங்கள். பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் 1988 முதல் எம்ஜிபி கூடுகளைப் புதிதாகச் செய்து தருகிறது, மினிக்கும் செய்கிறது. லட்சக்கணக்கில் விற்ற கார்களில் சிலவற்றுக்கு இப்படி ஒரு வசதி உண்டு. அரிதான காருக்கு ஒவ்வொரு தகட்டையும் தட்டித்தான் செய்ய வேண்டும்.

## வழி 1: அசல் நிலைக்கே மீட்பது

இந்த வழியின் பெரிய பலத்தைப் பலர் கவனிப்பதில்லை: நீங்கள் எதையும் புதிதாக வடிவமைக்க வேண்டியதில்லை. எந்த போல்ட் எங்கே, எவ்வளவு இறுக்கம், எவ்வளவு இடைவெளி என்று எல்லாமே அந்தக் காரின் பட்டறைக் கையேட்டில் இருக்கிறது. எம்ஜிபியின் பாயிண்ட் (ஸ்பார்க்குக்காக மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் முனைகள்) இடைவெளி சுமார் 0.35 முதல் 0.40 மி.மீ.; அதை வைத்தால் கார் ஓடும். ஒன்று ஒன்றோடு பொருந்துமா என்ற சந்தேகமே எழாது. முதல் முறையாக ஒரு காரைப் பிரிப்பவருக்கு இது எவ்வளவு பெரிய துணை என்பது வேலையில் இறங்கினால்தான் தெரியும். மாற்றங்களின் சங்கிலியும் இங்கே கிட்டத்தட்ட இல்லை.

மறைந்திருக்கும் செலவு வேறிடத்தில் இருக்கிறது. சரியான கிளிப், சரியான முத்திரை உள்ள போல்ட், அந்த வருடத்துக்குரிய சுவிட்ச் என்று சின்னச் சின்னப் பொருட்களைத் தேடியே மாதங்கள் ஓடும். குரோம் பூச்சும் இருக்கைத் தையலும் வெளிவேலை, இரண்டும் விலை கூடியவை. சில நேரங்களில் காரின் எந்திர வேலையை விட இவை அதிகம் கேட்கும். முழுமையான காரா, பாகங்கள் தொலைந்த காரா என்பது இந்த வழியில் மிக முக்கியம். பாகங்கள் தொலைந்த காரை மலிவாக வாங்கியவர், மிச்சம் பிடித்ததை அந்தப் பாகங்களுக்கே கொடுத்துவிடுவார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நூறு சதவீதம் அசல் என்பது சாலையில் ஓடும் காருக்கு இன்று சாத்தியமில்லை, ஏனென்றால் எரிபொருளும் எண்ணெயும் மாறிவிட்டன. பெட்ரோலில் ஈயச்சேர்மம் சேர்த்தால் இன்ஜின் தட்டல் குறையும் என்று 1921இல் கண்டுபிடித்தார்கள். அந்த ஈயம் வால்வு இருக்கைகளுக்கும் ஒரு காப்பாக இருந்தது. கார்களுக்கான ஈயப் பெட்ரோலைக் கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா, 2021இல். ஈயமில்லாத பெட்ரோலில் கடுமையாக ஓட்டினால் அந்தக் கால வார்ப்பிரும்பு ஹெட்டில் வால்வு இருக்கை தேயும். ஹெட்டைக் கழற்றும்போதே கடினப்படுத்திய இருக்கை வளையங்களைப் போட்டுவிடுவது நல்லது. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை மென்மையாக்கி விரிசல் விட வைக்கும். இன்ஜின் சூட்டுக்குப் பக்கத்தில் பெட்ரோல் கசிவு என்றால் தீதான். எத்தனாலைத் தாங்கும் குழாய்களை மாட்டுங்கள்.

எண்ணெயிலும் கவனம் வேண்டும். அந்தக் கால இன்ஜின்களில் வால்வுகளைத் திறக்கும் கேமும் டேப்பெட்டும் துத்தநாகச் சேர்க்கை உள்ள எண்ணெயை எதிர்பார்க்கும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் காப்பதற்காக இன்றைய சாதாரண எண்ணெய்களில் அந்தச் சேர்க்கையைக் குறைத்துவிட்டார்கள். கியர்பாக்ஸில் பித்தளைச் சிங்க்ரோ வளையம் (கியர் மாறும்போது வேகத்தை ஒத்துப்போக வைப்பது) இருந்தால் ஜிஎல்-4 தரக் கியர் எண்ணெய்தான் பாதுகாப்பு. ஜிஎல்-5 சேர்க்கைகள் பித்தளையை அரிக்கக்கூடும். வெளியே யாருக்கும் தெரியாத இந்த மாற்றங்களைச் செய்தால் காரின் அசல்தன்மைக்கு ஒரு குறையும் வராது.

பாதுகாப்புதான் இந்த வழியின் உண்மையான பலவீனம். 1960களின் பெரும்பகுதிவரை பல கார்களில் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே பிரேக் ஆயில் சுற்று. ஒரு குழாய் உடைந்தால் மிதி தரைவரை போகும், நான்கு சக்கரமும் நிற்காது. ஹேண்ட்பிரேக் மட்டும்தான் மிச்சம்.

இது சிறந்த முடிவு எப்போது: கார் அரிதானது, இன்ஜின் எண்ணும் சேசி எண்ணும் ஆவணங்களோடு பொருந்துகின்றன, பாகங்கள் பெரும்பாலும் இருக்கின்றன, ஓட்டம் குறைவு. அசல் பெயின்டோடும் இருக்கைகளோடும் பிழைத்து வந்த காராக இருந்தால் அதை மீட்கக்கூட வேண்டாம். சுத்தம் செய்து, துருவை நிறுத்தி, பிரேக்கைச் சரிசெய்து அப்படியே ஓட்டுங்கள். மங்கிய அந்தப் பெயின்டைப் புதுப் பெயின்டால் ஈடுகட்டவே முடியாது.

## வழி 2: இன்ஜின் அசல், மற்றவை இன்றைய சாலைக்கு

ஓட்டுவதற்காகக் கார் வைத்திருக்கும் பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்லும் வழி இது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: எதையும் வெட்டாமல், கழற்றி அசலுக்குத் திரும்பும்படி செய்ய வேண்டும். கழற்றிய அசல் பாகங்களைத் துடைத்து, எண்ணெய் தடவி, பெயர் எழுதி, பெட்டியில் வையுங்கள். ஒரு நாள் அந்தப் பெட்டியே காரின் மதிப்பில் ஒரு பங்கு ஆகும்.

பிரேக். எல்லாரும் முதலில் டிஸ்க் பிரேக்கைத்தான் கேட்கிறார்கள். நான் முதலில் இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டரைச் சொல்வேன். முன்சக்கரத்துக்கு ஒரு சுற்று, பின்சக்கரத்துக்கு ஒரு சுற்று என்று பிரிந்துவிட்டால், ஒரு குழாய் உடைந்தாலும் காரை நிறுத்திவிடலாம். அதற்கடுத்ததுதான் டிஸ்க். நீண்ட இறக்கத்தில் டிரம் சூடாகி விரிந்து ஷூவிலிருந்து விலகும், லைனிங்கும் சூட்டில் பிடிப்பை இழக்கும். மிதித்தும் வேகம் குறையாது. காற்றில் திறந்திருக்கும் டிஸ்க் சீக்கிரம் ஆறிவிடும்.

டிஸ்க் போட எளிய வழி, அதே காரின் பிந்தைய மாடலிலோ வேகமான மாடலிலோ இருந்ததை எடுத்து மாட்டுவது. 1959இல் வந்த மினிக்கு நான்கிலும் டிரம். 1961இல் வந்த மினி கூப்பருக்கு முன்னால் டிஸ்க். தொழிற்சாலையே பொருத்திப் பார்த்தது என்பதால் அளவுச் சிக்கல் குறைவு. ஆனாலும் ஒரு விஷயத்தில் பலர் தடுக்கி விழுகிறார்கள். டிரம் பிரேக்குக்கான மாஸ்டர் சிலிண்டரில், குழாயில் கொஞ்சம் அழுத்தத்தை நிறுத்தி வைக்கும் வால்வு இருக்கும். அந்தச் சிலிண்டரோடு டிஸ்க்கை இணைத்தால் பேட் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும், சூடாகும், சில மைலிலேயே சக்கரத்தைத் தொட முடியாது. மாஸ்டர் சிலிண்டரின் விட்டமும் பொருந்த வேண்டும். பழைய சக்கரத்துக்குள் காலிப்பர் இடிக்கிறதா என்பதை வாங்குவதற்கு முன்பே அளந்துவிடுங்கள்.

பழைய டிரம்மைத் திறக்கும்போது அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்துத் துணியையும் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள். பிரேக் ஆயிலில் டாட் 3, டாட் 4 இரண்டும் ஈரத்தை உறிஞ்சும், பெயின்டையும் உரிக்கும். சிலிக்கான் வகையான டாட் 5 இரண்டையும் செய்யாது, ஆனால் அதை மற்றவற்றோடு கலக்கக் கூடாது.

மின்சாரம். டைனமோ, இன்ஜின் மெதுவாக ஓடும்போது கிட்டத்தட்ட சார்ஜே செய்யாது. இரவில் விளக்கும் வைப்பரும் போட்டுக்கொண்டு நெரிசலில் நின்றால் பேட்டரி இறங்கும். ஆல்டர்னேட்டர் இதைத் தீர்க்கிறது. மாற்றுவதற்கு முன் எர்த் எந்தப் பக்கம் என்று பாருங்கள். அந்தக் காலப் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். 1967வரை எம்ஜிபியும் அப்படித்தான். திருப்பாமல் ஆல்டர்னேட்டரை மாட்டினால் அதன் டையோடுகள் நொடியில் கருகும். பீட்டில் 1960களின் நடுப்பகுதிவரை 6 வோல்ட்; அதை 12க்கு மாற்றினால் பல்பு, வைப்பர் மோட்டார், ஹாரன், சோக் என்று சங்கிலி நீளும்.

விளக்கு மங்கலாக இருந்தால் பல்பை மாற்றுவதற்கு முன்னால் ரிலே போடுங்கள். பழைய கார்களில் ஹெட்லைட் மின்சாரம் முழுவதும் டேஷ்போர்டு சுவிட்ச் வழியாகச் சுற்றி வரும், வழியிலேயே வோல்ட் குறையும். ரிலே வைத்து பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர் இழுத்தால் அதே பல்பு நன்றாக எரிவதைப் பார்க்கலாம். சுவிட்சும் கருகாது. கூடவே பியூஸும் சேருங்கள். அந்தக் காலத்தில் ஒரு காருக்கு இரண்டே பியூஸ் என்பது சாதாரணம்.

பற்றவைப்பு. பாயிண்டுக்குப் பதில் எலெக்ட்ரானிக் அமைப்பை டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளேயே மறைவாக வைத்துவிடலாம். காலையில் சட்டென்று ஸ்டார்ட் ஆகும், அடிக்கடி சரிசெய்ய வேண்டாம். இங்கே நான் ஒரு கை தூக்கி எச்சரிப்பது இதற்காக: பாயிண்ட் கெட்டால் முன்கூட்டியே தடுமாறிக் காட்டும், ரோட்டோரத்தில் உப்புத்தாளால் தேய்த்து வீட்டுக்கு வந்துவிடலாம். மலிவான எலெக்ட்ரானிக் மாட்யூல் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். பழைய பாயிண்டும் கண்டென்சரும் டேஷ்போர்டு பெட்டியில் இருக்கட்டும். உங்கள் காயிலுக்கு முன்னால், அதற்கு வரும் வோல்ட்டைக் குறைக்கும் பேலஸ்ட் ரெசிஸ்டர் இருக்கிறதா என்றும் பாருங்கள்; மாட்யூலுக்கு எவ்வளவு வோல்ட் வேண்டும் என்பது அதைப் பொறுத்தது.

மற்றவை. நெடுஞ்சாலையில் இன்ஜின் கத்துகிறது என்றால் ஐந்து கியர் பெட்டி ஒரு நல்ல தீர்வு. ஃபோர்டின் டைப் 9 கியர்பாக்ஸை நிறைய பழைய கார்களில் மாட்டுகிறார்கள். கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சக்தி கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டை வெட்டிச் சேர்க்க வேண்டிவரும், ஸ்பீடோமீட்டர் கேபிளும் மாறும். தரையில் கியர்பாக்ஸை மூடியிருக்கும் நடுச்சுரங்கத்தை வெட்டாமல் உட்காருகிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். மூன்று முனை சீட் பெல்ட்டை 1959இல் வோல்வோ கொண்டுவந்தது, அதற்கு முந்தைய கார்கள் பெரும்பாலானவற்றில் பெல்ட் மாட்டும் இடமே இருக்காது. வெறும் தகட்டில் ஓட்டை போட்டு மாட்டினால் மோதலில் பிய்த்துக்கொண்டு வரும். தடித்த தகடு வைத்து வலுப்படுத்திய இடத்தில்தான் மாட்ட வேண்டும். டயர் பார்க்கப் புதிதாக இருந்தாலும் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத் தேதியைப் படியுங்கள். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம்.

இந்த வழியின் மறைந்த செலவு மனதில் இருக்கிறது. "இவ்வளவு செய்தாச்சு, இதையும் செய்துவிடலாம்" என்ற பேச்சு ஷெட்டுக்குள் அடிக்கடி கேட்கும். பிரேக் மாற்ற இறங்கியவர் சஸ்பென்ஷன், ஸ்டியரிங், இருக்கை என்று போய், இரண்டு வருடம் கார் நகராமல் நிற்கும். ஒரு நேரத்தில் ஒரே வேலை, அதை முடித்து ஓட்டிப் பார்த்த பிறகுதான் அடுத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பாகம் எந்தக் காரிலிருந்து வந்தது என்று ஒரு நோட்டில் எழுதாவிட்டால், பத்து வருடம் கழித்து ஒரு பிரேக் சீல் வாங்க நீங்களே திண்டாடுவீர்கள்.

இது சிறந்த முடிவு எப்போது: அசல் இன்ஜின் உயிரோடு இருக்கிறது, கார் ஓரளவு பரவலான மாடல், மாதத்துக்குச் சில முறையாவது வெளியே எடுப்பீர்கள்.

## வழி 3: இன்ஜினையே மாற்றுவது

மாற்றுவதற்கு முன்னால் இருக்கும் இன்ஜின் உண்மையிலேயே செத்துவிட்டதா என்று பாருங்கள். பல வருடம் நின்று இறுகிய இன்ஜினில் பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டு, சில நாள் ஊறவிட்டுக் கையால் திருப்பிப் பார்க்க வேண்டும். திரும்பினால் கம்ப்ரெஷன் பாருங்கள். சிலிண்டர்களுக்கிடையே பத்து சதவீதத்துக்குள் வித்தியாசம் என்றால் கவலை வேண்டாம். குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு மறுபடி பார்த்தால் ஏறுகிறதா? ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறவில்லையா? வால்வு பக்கம் கோளாறு. இரண்டுமே சரிசெய்யக்கூடியவைதான்.

இன்ஜின் மாற்றம் நன்றாக அமைவதற்கு ஓர் எடுத்துக்காட்டைத் தொழிற்சாலையே தந்திருக்கிறது. 1973 முதல் 1976வரை 2,591 எம்ஜிபி ஜிடி வி8 கார்கள் வந்தன. நான்கு சிலிண்டர் இருந்த இடத்தில் எட்டு. ஆனாலும் காரின் சமநிலை கெடவில்லை, ஏனென்றால் அந்த ரோவர் வி8 அலுமினியத்தால் ஆனது. வார்ப்பிரும்பாலான பழைய நான்கு சிலிண்டர் இன்ஜினின் எடைதான் கிட்டத்தட்ட அதுவும். எடையும் அளவும் ஒத்துப்போனால் பாதிச் சங்கிலி அறுந்துவிடுகிறது. எதிர்ப்பக்கம், காற்றால் குளிரும் பீட்டிலின் பின்னால் நீரால் குளிரும் சுபாரு இன்ஜினை வைப்பவர்கள், காரின் முன்பக்கம் ரேடியேட்டர் வைத்து, நீளம் முழுக்கக் குழாய் ஓட்ட வேண்டியிருக்கிறது.

ஒரு கார்புரேட்டர் இன்ஜினை எடுத்துவிட்டு இன்ஜெக்‌ஷன் இன்ஜின் வைக்கும்போது கணக்கில் வராமல் போவது எரிபொருள் பக்கம். கார்புரேட்டருக்குப் போகும் அழுத்தம் சில பிஎஸ்ஐதான் (டயர் காற்றை அளக்கும் அதே அலகு). இன்ஜெக்‌ஷனுக்கு நாற்பதுக்கு மேல் வேண்டும். பம்ப், குழாய், இணைப்பு, டேங்குக்குத் திரும்பும் வழி, வளைவில் பெட்ரோல் ஒதுங்காமல் டேங்குக்குள் தடுப்பு என்று எல்லாமே புதிது. அப்புறம் கணினி, அதன் வயரிங், சாவியோடு பேசும் திருட்டுத் தடுப்பு. எடுக்கும் காரிலிருந்து இன்ஜினை மட்டும் வாங்காமல் முழு வயரிங், கணினி, சாவி, பெடல் எல்லாவற்றையும் சேர்த்தே வாங்குங்கள். பிறகு தனித்தனியாகத் தேடினால் பிடிக்க முடியாது. நான் பார்த்தவரை பாதியில் விற்பனைக்கு வரும் கார்களில் இன்ஜின் உட்கார்ந்திருக்கும், வயரிங்தான் தொங்கிக்கொண்டிருக்கும்.

மின்மோட்டார். ஜாகுவார் 2017இல் ஈ-டைப் காரை மின்காராக்கிக் காட்டியது. அங்கே கவனிக்க வேண்டியது, பழைய ஆறு சிலிண்டர் இன்ஜினின் அளவும் எடையும் உள்ள பேட்டரியை அதே இடத்தில் வைத்தார்கள், பாடியை வெட்டவில்லை. வேண்டும் என்றால் பெட்ரோல் இன்ஜினைத் திரும்ப வைக்கலாம். ஃபிவா 2019இல் இத்தகைய மாற்றங்களைத் தன்னால் ஊக்குவிக்க முடியாது என்றும், செய்தே தீர வேண்டுமென்றால் திரும்பக்கூடியதாகச் செய்து அசல் பாகங்களை வைத்திருக்கும்படியும் சொன்னது.

வீட்டில் செய்பவருக்குச் சிக்கல் எடையும் மின்னழுத்தமும். முதல் தலைமுறை நிஸான் லீஃப் காரின் 24 கிலோவாட்-மணி பேட்டரியே 300 கிலோவுக்குப் பக்கம். மின்னழுத்தம் 400 வோல்ட்வரை போகும். தெரியாமல் தொட்டால் உயிர் போகும். உயர் மின்னழுத்தத்தில் பயிற்சி இல்லாதவர்கள் அந்தப் பகுதியை வெளியே கொடுத்துவிட வேண்டும். இன்ஜின் போய்விட்டால் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடமும் போய்விடும், அதற்கொரு தனிப் பம்ப். ஹீட்டருக்கும் தனி ஏற்பாடு. குறைந்த தூரம், நகருக்குள் ஓட்டம், இன்ஜின் ஏற்கெனவே இல்லாத கார் என்றால் யோசிக்கலாம். முதல் காராக இதை எடுக்க வேண்டாம்.

இது சிறந்த முடிவு எப்போது: அசல் இன்ஜின் காரோடு வரவே இல்லை, பாடி உறுதியானது, மாடல் பரவலானது, வெல்டிங்கும் வயரிங்கும் தெரிந்த கை உங்களிடமோ பக்கத்திலோ இருக்கிறது, அடிக்கடி ஓட்டப் போகிறீர்கள். அரிதான காரின் அசல் இன்ஜினைத் தூக்கி எறிந்து இதைச் செய்வதை நான் எந்த நிலையிலும் ஆதரிக்க மாட்டேன்.

## பக்கம் பக்கமாக

| அளவுகோல் | அசல் மீட்பு | அளவான மேம்பாடு | இன்ஜின் மாற்றம் |
|---|---|---|---|
| அசலுக்குத் திரும்புதல் | கேள்வியே இல்லை | வெட்டாமல் செய்தால் முடியும் | பெரும்பாலும் முடியாது |
| மாற்றச் சங்கிலி | மிகக் குறைவு | நடுத்தரம், நிறுத்திக்கொள்ளலாம் | நீளம், நடுவில் நிறுத்த முடியாது |
| வீட்டில் முடியும் பங்கு | எந்திரப் பகுதி பெரும்பாலும் | ஏறத்தாழ எல்லாம் | பொருத்தும் திறமையைப் பொறுத்தது |
| மறைந்த செலவு | குரோம், தையல், சிறு பாகங்கள் | முடிவில்லாத கூடுதல் வேலை | எரிபொருள் அமைப்பு, வயரிங், பதிவு |
| பிரேக் பாதுகாப்பு | அந்தக் கால அளவு | நன்று | தனியாகச் செய்தால்தான் உண்டு |
| வேலைக்கிடையே ஓட்டலாமா | முடியாது | முடியும் | முடியாது |

கடைசி வரியை நான் முக்கியமாக நினைக்கிறேன். ஓடும் கார் உற்சாகத்தைத் தக்கவைக்கும். பெட்டிகளில் கிடக்கும் காரைப் பார்த்துப் பார்த்தே மனம் சோர்ந்துவிடும்.

## இன்னும் முடிவாகவில்லை என்றால்

மூன்று வழிக்கும் பொதுவான வேலைகளை முதலில் முடியுங்கள். காரை ஜாக்கியில் மட்டும் நிறுத்தாமல் ஸ்டாண்டில் ஏற்றி, துருவைக் கண்டுபிடித்து நிறுத்துங்கள். பிரேக்கின் ரப்பர் குழாய்கள், சீல்கள், ஆயில் எல்லாவற்றையும் மாற்றுங்கள். பெட்ரோல் குழாய்கள், டயர்கள், உரிந்த வயர்கள், ரேடியேட்டர் ஹோஸ்கள். பேட்டரிக்கு ஒரு கட்-ஆஃப் சுவிட்ச், ஷெட்டுக்குள் ஒரு தீயணைப்பான். எதைக் கழற்றினாலும் முன்பே போட்டோ எடுத்து, போல்ட்டுகளைப் பெயரெழுதிய பையில் போடுங்கள்.

பிறகு சட்டப்படி சாலைக்குக் கொண்டுவந்து சில மாதம் பக்கத்து இடங்களுக்கு ஓட்டுங்கள். ஒவ்வொரு முறை திரும்பி வந்ததும் என்ன தொந்தரவு செய்தது என்று எழுதி வையுங்கள். நிற்க நேரமாகிறது, இரவில் வழி தெரியவில்லை, நெரிசலில் சூடாகிறது என்ற மாதிரி வரிகள் வந்தால் இரண்டாம் வழிக்குப் போங்கள், அந்த வரிசையிலேயே வேலையைத் தொடங்குங்கள். இன்ஜினைச் சரியாகப் புதுப்பித்த பிறகும் சக்தி போதவில்லை என்று மட்டுமே திரும்பத் திரும்ப எழுதுகிறீர்கள் என்றால் மூன்றாம் வழியைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். எழுத எதுவுமே வரவில்லையா? அப்படியே ஓட்டுங்கள், குரோமுக்கும் தையலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வையுங்கள்.